கிடங்கு யாருடையது?

காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. இலங்கையின் முதலாவது சீமெந்து ஆலை. 1990இல் போர் ஊரோடு சேர்த்து அதையும் வெறுமையாக்கியது. ஓடிய காலத்தை, பாழாய்க் கிடந்த காலம் ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டது.

ஜெர்மனியிலிருந்து வந்த மச்சானுக்கு அதைப் பார்த்ததும் டுய்ஸ்புர்க் ஞாபகம் வந்தது. 1985இல் மூடிய இரும்பாலையை அங்கே இடிக்காமல் பூங்காவாக்கிவிட்டார்கள். வாயுத் தாங்கியில் தண்ணீர் நிரப்பிச் சுழியோடிப் பழகுகிறார்கள். பழைய சுவர்களில் ஏறி விளையாடுகிறார்கள். "இதையும் அப்பிடிச் செய்யலாமே?" என்றான். ஆலையில் வேலை செய்த மாமா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பூங்காவில ஆருக்கடா வேலை? பக்டரியைத் திறக்கச் சொல்லு."

எனக்கு இரண்டு பேச்சும் ஒப்பவில்லை. அங்கே உலை அணைந்தபோது சனங்கள் வேலையைத்தான் இழந்தார்கள், வீடு இருந்தது. இங்கே, வலிகாமம் வடக்கிலோ ஊரே எழும்பிப் போனது. காணிக்காகப் பல வருடம் காத்துக் கிடந்த சனத்திடம் இடிபாட்டின் அழகைப் பேச எனக்கு வாய் வராது. மாமாவின் ஏக்கம் விளங்குகிறது. ஆனால் அவர் கட்டடத்தைப் பார்க்கிறார். நான் கல் தோண்டிய கிடங்கைப் பார்க்கிறேன்.

சுண்ணாம்புக்கல்லை இந்த மண்ணிலேயே தோண்டினார்கள். களிமண் முருங்கனிலிருந்து வந்தது. இரண்டையும் 1450 பாகை செல்சியஸ் அளவில் சுட்டால் கிளிங்கர். அதை ஜிப்சத்தோடு அரைத்தால் சீமெந்து. ஆனால் வற்றாத ஆறொன்றும் இல்லாத குடாநாட்டுக்கு மழைநீரைப் பிடித்து வைத்திருப்பதும் அதே கல்தான். கடலருகே அதை ஆழத் தோண்டினால் உவர் உள்ளே வரும். கிணற்றை நம்பி வாழ்கிற ஊர், தன் தண்ணீர்ப் பானையை உடைத்து விற்ற கதை. திறக்க வேண்டாம் என்பதே என் கட்சி.

அப்படியென்றால் நான் கட்டும் மதிலுக்குச் சீமெந்து எங்கிருந்து வரும்? புத்தளம் ஆலைக்கு அருவக்காலுவில் கல் வெட்டினார்கள். வெட்டி முடிந்த அந்தப் பக்கத்துக்கு 2019இல் கொழும்புக் குப்பையும் போய்ச் சேர்ந்தது. புத்தளத்துச் சனங்கள் எதிர்த்து வீதிக்கு இறங்கினார்கள். என் கிணற்றுக்காக நான் சொல்லும் 'வேண்டாம்', வேறோர் ஊரின் நிலத்தைத்தான் தோண்டச் சொல்கிறது.

மாமாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப வீடு கட்டாமல் இரன்" என்றார். பகிடிதான். ஆனாலும் மேல்மாடிக்குப் போட்ட பிளானை மேசனிடம் இன்னும் கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை.