பாட்டனாரின் துப்பாக்கியும் மானின் இறைச்சியும்

ஓசூரைக் கடந்து கர்நாடக எல்லையைத் தொட்டிருக்கும் ஜூஜுவாடியிலிருந்து ஓர் இளைஞர் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். தொழிற்சாலையொன்றில் பணிபுரிபவர். அவருடைய பாட்டனார் விட்டுச் சென்ற .315 ரைஃபிள் ஒன்று வீட்டில் இருக்கிறது. தளி, அஞ்செட்டிக் காட்டுப்பக்கம் மான் வேட்டைக்குப் போவதானால் அதற்கு எந்தத் தோட்டா ஏற்றது, எந்தத் தோட்டாவால் விழுந்த மான் ஹலாலாகும் என்பதே அவர் கேள்வி. வாய்க்குள் போகும் இறைச்சி ஆகுமானதாக இருக்கவேண்டுமே என்ற அச்சம் உள்ளவர்தாம் இப்படிக் கேட்பார். எனவே கேள்வியை அதற்குரிய மரியாதையுடனேயே எடுத்துக்கொள்வோம்.

வள்ளல் ஹாத்திமின் மகனார் அதீ (ரலி) வேட்டையில் பழகியவர். இறகில்லாத அம்பைக் குறித்து அவர் வினவியபோது, கூர்முனை பாய்ந்து கொன்றதை உண்ணலாம், அகலப்பக்கம் பட்டு அடியால் மடிந்ததை உண்ணலாகாது என்று பெருமானார் (ஸல்) தெளிவுபடுத்தினார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்திருக்கிறது. அடிபட்டுச் செத்த பிராணி, மாயிதா அத்தியாயத்தின் 3ஆம் வசனத்தில் விலக்கப்பட்டவற்றுள் ஒன்று. ஆயுதம் பாய்ந்து பிளந்ததா, கனத்தால் நசுக்கியதா என்பதே இதிலிருந்து கிடைக்கும் அளவுகோல்.

வெடிமருந்து வந்ததும் இந்த அளவுகோலைப் பொருத்துவதில் உலமாக்கள் பிரிந்தார்கள். ஈயக்குண்டு உடலைத் துளைத்துச் செல்கிறது, ஆகவே அதனால் வீழ்ந்தது ஆகும் என்றார் யமன் நாட்டு இமாம் ஷவ்கானீ. அவர் மறைந்தது 1834இல். ஈராண்டு கழித்து 1836இல் மறைந்த டமாஸ்கஸின் இப்னு ஆபிதீன், ஈயத்துக்குக் கூர்மை ஏது, அது சூட்டாலும் உந்துவேகத்தாலுமே கொல்கிறது, ஆதலால் ஆகாது என்றார். ஹனஃபீ மத்ஹபினர் இவருடைய கிதாபையே பெரிதும் நாடுவர். பின்வந்தோர் சிலர் கூர்முனைத் தோட்டாவை மட்டும் அம்பின் இடத்தில் வைத்துப் பேசியிருக்கிறார்கள். விழுந்த மானை உயிர் நன்கு இருக்கும்போதே எட்டி முறைப்படி அறுத்துவிட்டால் ஆகும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

இனித் தோட்டாவின் இயல்பைப் பார்ப்போம். மென்முனைத் தோட்டாவின் நுனியில் ஈயம் வெளியே தெரியும். உடலில் பட்டதும் அது காளான்போல் விரிந்து பெருங்காயம் உண்டாக்கும். சரியான இடத்தில் பட்டால் மான் நெடுந்தூரம் ஓடாது. முழுக்கச் செம்பு உறையிட்ட கூர்முனைத் தோட்டாவோ சிறு துளையிட்டு மறுபுறம் போய்விடும். காயமுற்ற மான் புதருக்குள் ஓடி, எங்கோ நெடுநேரம் துடித்துச் சாகும். மறுநாள் ஓடை நீரில் அதைக் கண்டெடுத்தால் இறைச்சி ஆகுமா? நீரில் விழுந்து கிடப்பதை உண்ணவேண்டாம், கொன்றது நீரா அம்பா என்பது உமக்குத் தெரியாது என்ற கருத்தில் அதே அதீ (ரலி) அவர்களுக்கே பதில் கிடைத்திருக்கிறது.

இங்கேதான் நாம் சற்றுத் தயங்கி நிற்கிறோம். கூர்மையைத் தேடும் சட்டநுணுக்கம் ஒரு தோட்டாவைக் காட்டுகிறது. கொல்வதிலும் அழகிய முறையைக் கடைப்பிடிக்கவேண்டும் என்று ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) வழியாக வந்த கட்டளையோ மற்றொன்றைக் காட்டுகிறது. இறைச்சியின் தூய்மைக்காக மானின் வேதனையை நீட்டிப்பது அந்தக் கட்டளையைப் பேணுவதாகாது என்றே நமக்குப் படுகிறது. ஒரு பிராணியைக் கொல்வது எவ்வளவு கனமான காரியம் என்பதை இந்தத் தோட்டா ஆராய்ச்சியே உணர்த்திவிடுகிறது.

ஆயினும் தோட்டாவுக்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு. பாட்டனாரிடமிருந்து துப்பாக்கி வந்தது, வேட்டையாடும் உரிமையும் வந்ததா? அந்தக் காலத்தில் தேன்கனிக்கோட்டை, ஜவளகிரிக் காடுகள் வேட்டைக்குப் பேர்பெற்றவை. கென்னத் ஆண்டர்சன் ஆங்கிலத்தில் எழுதிய வேட்டைக்கதைகளில் ஜவளகிரி வருகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்கூடத் தொடக்கத்தில் சில விலங்குகளுக்கு வேட்டை உரிமம் வழங்க இடம் வைத்திருந்தது. 1991இல் செய்த திருத்தம் அதை நீக்கிவிட்டது. 2014இல் இக்காடுகளின் பெரும்பகுதி காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாயிற்று. தடையை மீறி வேட்டையாடிய விலங்கு அரசின் உடைமை என்கிறது சட்டம். அப்படியானால் தோட்டா எதுவாயினும், பிறர் உடைமை என்ற பேச்சு அந்த இறைச்சியில் வந்துவிடுகிறது.

அல்லாஹ் ஆகுமாக்கியதைச் சட்டம் எப்படித் தடுக்கும் என்று வாதிடுவோர் உண்டு. ஆகுமானது வேறு, கடமை வேறு. தொழுகையை விடு என்றால் நாம் கீழ்ப்படிய முடியாது. மானை விடு என்றால் எந்தக் கடமை கெட்டது? இஹ்ராம் கட்டியவருக்குத் தரைவேட்டை ஹராம். மதீனாவின் இரு கருங்கல் வெளிகளுக்கிடையே வேட்டையைத் தடுத்தவர்கள் நாயகம் (ஸல்) அவர்களே. ஓரிடத்து விலங்குக்கு அடைக்கலம் கொடுப்பது நம் மார்க்கத்துக்குப் புதியதன்று. பசிக்கு வேறு வழியில்லாத பாலைவாசிக்குக் கிடைத்த அனுமதியை, மாதச் சம்பளம் வாங்கி ஓசூர்ச் சந்தையில் ஆட்டிறைச்சி வாங்க வல்லவர் தமக்கு எடுத்துக்கொள்வதும் பொருத்தமாகத் தோன்றவில்லை.

இனித் துப்பாக்கி. உரிமம் பாட்டனார் பெயருக்கு வழங்கப்பட்டது. வாரிசுகளுக்குத் தானாக வந்துசேராது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றி வீட்டில் வைத்திராமல் அதைத் தோட்டாக்களுடன் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்கவேண்டும். வாரிசு ஒருவர் தம் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம், அல்லது உரிமம் உள்ளவருக்கு முறைப்படி விற்கலாம். எப்படியாயினும் அதன் மதிப்பு பாட்டனார் விட்டுச் சென்ற சொத்தில் சேரும். துப்பாக்கி ஆண்பிள்ளைகளின் பொருள் என்று சொல்லி மூத்த பேரனிடம் கொடுத்துவிடும் வழக்கத்தை நாம் பல வீடுகளில் பார்த்திருக்கிறோம். ஃபராயிலில் அப்படியொரு பங்கு கிடையாது. கேட்ட இளைஞருக்கு அத்தைமார் இருவர் உயிரோடு இருக்கிறார்களாம். தோட்டாவின் விலையை விசாரிக்குமுன் அவர்களுக்குச் சேரவேண்டிய பங்கைக் கணக்கிடும்படி அவருக்கு எழுதியிருக்கிறோம்.