இன்னும் எதற்குப் படிப்பு?

பிசியோதெரபியில் பட்டமும் முதுநிலையும் முடித்து, அச்சன்புதூரிலும் சுற்றுவட்டாரத்திலும் நோயாளிகளைப் பார்த்துவரும் என் போன்ற ஒருத்தி பிஎச்.டி.க்குப் பதிவு செய்தால், ஊர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இன்னும் எதுக்கும்மா படிப்பு?" நான் படித்தபோது பிபிடி நாலரை வருடம், எம்பிடி இரண்டு வருடம், அதற்குமேல் குறைந்தது இன்னும் 3 வருடம். வருமானம் பெரிதாகக் கூடப்போவதில்லை. வீட்டுக்குத் தரவேண்டிய நேரமோ நிச்சயம் குறையும். அதனால் ஊரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கு நேர்மையான பதில் ஒன்றை நான் எனக்கே சொல்லியாக வேண்டும்.

பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்ளத்தான் என்று சிலர் நினைக்கிறார்கள். 2025 ஏப்ரலில் வெளியான தேசியப் பாடத்திட்டம், பிசியோதெரபிஸ்டுகள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்றது. செப்டம்பரில் மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் கூடாது என்று கடிதம் எழுதி, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் 2016 முதல் இத்தொழிலுக்குள் நுழையும் பட்டமே டிபிடி எனும் முனைவர் பட்டம்தான். அது நோயாளியைப் பார்ப்பதற்கான பயிற்சி. நம் ஊர் பிஎச்.டி. வேறு. ஒரு கேள்வியை எடுத்து, அதன் பதில் கிடைக்கும்வரை விடாமல் துரத்துவது அது. இந்தப் பட்டத்தால் எனக்குப் பெருமை சேருமா என்பதைவிட, நான் துரத்தப்போகும் கேள்வி யாருடையது என்பதே எனக்கு முக்கியம்.

எங்கள் பக்கத்தில் கழுத்துவலி என்று வரும் பெண்களில் பலர் பீடி சுற்றுகிறவர்கள். மடியில் தட்டை வைத்துத் தரையில் உட்கார்ந்தால், நனைத்த இலையைத் தகட்டு அளவுக்கு நறுக்கி, புகையிலைத் தூளை வைத்துச் சுருட்டி, நூல் சுற்றி, வாயை மடித்துப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அசைவதெல்லாம் விரல்கள் மட்டும்தான். குனிந்த தலை குனிந்தபடி. தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருக்கும். அப்படி ஒரு பெரியம்மாவிடம் பாடப்புத்தகம் சொன்னபடி, நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொன்னேன். "சேர்ல உக்காந்தா தட்ட எங்கம்மா வைக்க? ஆயிரம் தேறணும்லா" என்றார். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எண்ணித் தரப்படுவது. எழுந்து நடக்கும் ஒவ்வொரு நிமிடமும் எண்ணிக்கையில் குறையும். தட்டை இறக்கி வைக்காமலே செய்யக்கூடிய பயிற்சி எது? அது வலியை உண்மையிலேயே குறைக்கிறதா? குறைத்தால் எத்தனை வாரம் தாங்கும்? இந்தக் கேள்விகளுக்கு நான் படித்த புத்தகங்களில் பதில் இல்லை. புத்தகம் எழுதியவர்கள் பார்த்த உடல்கள் வேறு.

முழங்கால் தேய்மானத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் 'வோமாக்' என்ற கேள்வித்தாள் இருக்கிறது. காரில் ஏறி இறங்க, குளியல் தொட்டிக்குள் போய் வர, காலுறை மாட்ட எவ்வளவு சிரமம் என்று அது கேட்கும். மேக்கரைப் பக்கம் வயலில் நாற்று நட்ட ஒரு பாட்டியிடம் இதைக் கேட்டால் என்ன சொல்வார்? அவருக்குத் தெரிய வேண்டியது, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு யார் கையையும் பிடிக்காமல் எழ முடியுமா, கழிப்பறையில் குந்த முடியுமா, தொழுகையில் மண்டியிட முடியுமா என்பதுதான். எதைக் கேட்கிறோமோ அதைத்தான் அளக்கிறோம். எதை அளக்கிறோமோ அதற்குத்தான் சிகிச்சை தருகிறோம். அந்தப் பாட்டியின் வாழ்க்கை கேள்வித்தாளில் ஏறாதவரை, அவருக்குக் கிடைப்பது இன்னொருவருக்கான சிகிச்சை.

ஆய்வு என்றால் நாம் நம்புவதற்குச் சான்று தேடுவது என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய பாடம் சொன்னது 'அட்டெண்ட்' ஆய்வு. பக்கவாதத்தில் கைகால் விழுந்துபோனவர்களுக்கு, வீட்டில் இருப்பவருக்கே பயிற்சி கொடுத்து அவர் மூலம் மறுவாழ்வுச் சிகிச்சை தரலாம் என்பது நம் நாட்டுக்கு மிகப் பொருத்தமான யோசனை. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை வைத்துச் சோதித்தார்கள். முடிவு 2017இல் 'லான்செட்' இதழில் வந்தது. ஆறு மாதம் கழித்து இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே வாழ்பவர்களும் சேர்த்து, பயிற்சி பெற்ற பிரிவிலும் பெறாத பிரிவிலும் 47 விழுக்காடு. அந்தப் பயிற்சி வித்தியாசம் எதையும் தரவில்லை. நல்லெண்ணத்தோடு செய்ததே பலிக்கவில்லை என்று மறைக்காமல் எழுதி வைத்தார்களே, அதுதான் எனக்குப் படிப்பு. அடுத்து வருபவர் ஓர் ஏழைக் குடும்பத்திடம் பொய்யான நம்பிக்கையைத் தராமல் இருப்பதற்கு அது வழி செய்கிறது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கிய பிறகு, பிசியோதெரபி வீட்டு வாசலுக்கே போகிறது. இது பெரிய காரியம். வாசலுக்குப் போகிறவர் எதைச் செய்யச் சொல்கிறார், அது பலிக்கிறதா என்பதும் அதே அளவுக்குப் பெரிய காரியம். 'கரண்டு வச்சா சரியாயிடும்' என்று மின்சிகிச்சையை நம்பி, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிறவர்களுக்கு, கரண்டு எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெளிவாகச் சொல்ல எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேலூரின் மேரி வர்கீஸை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர். ஏற்கெனவே மருத்துவர்தான், அதோடு நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் எழுந்தது. அவர் கற்றது தண்டுவடம் முறிந்த எத்தனையோ பேருக்குப் பயன்பட்டது.

எதுவரை படிப்பது என்ற கேள்விக்கு இன்று என்னிடம் இருக்கும் பதில் இதுதான். என் அறியாமையால் எனக்கு மட்டுமே நஷ்டம் என்றால், எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் என் சொல்லை நம்பி இன்னொருவர் தன் உடம்பையும் கூலியையும் செலவழிக்கிறார். அப்படி ஒருவர் இருக்கும்வரை, தெரியாததைத் தெரிந்துகொள்வது என் சொந்த விருப்பம் அல்ல; அவருக்கு நான் செலுத்த வேண்டிய கடன். ஆய்வேட்டை எந்த மொழியில் எழுதினாலும், அதன் முடிவை முதலில் அந்தப் பெரியம்மாவிடம்தான் சொல்ல வேண்டும். பலன் இல்லை என்று முடிவு வந்தாலும் அதை அப்படியே சொல்ல வேண்டும்.