பங்கு போட்ட பாவம்

அணையைத் திறக்கச் சொல்லித்தான் விவசாயி போராடுவார். 'ஐயா, திறந்துடாதீங்க' என்று அவரைக் கெஞ்சவைத்த அணை ஒன்று உண்டு. பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம்! அங்கே வந்து தேங்கியது திருப்பூரின் சாயக்கழிவு. கிணறுகள் உப்பாயின, வயல்கள் பாழாயின.

2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்போது வேலையிழந்து தவித்தவர்களிலும் விவசாயி வீட்டுப் பிள்ளைகள் உண்டு. இதில் யாரைக் கோபித்துக்கொள்வது?

'என்னோடது ஒரே ஒரு பட்டறைதானே' என்பார் முதலாளி. 'நான் கூலிக்காரன்தானே' என்பார் தொழிலாளி. 'ஒரு பனியன்தானே, விலையைக் குறைச்சுக் குடுப்பா' என்போம் நாம்.

பாவத்தைப் பங்கு போட்டால், அவரவர் பங்கு சின்னதாகத் தெரியும். ஆனால், ஆற்றுக்குப் போய்ச் சேருவது மொத்தமும்தானே!