சக்கையும் சற்காரியமும்

ஓர் உயிரைப் பின்னர் உண்பதற்கென்றே வளர்க்கிறவன், அதற்கு நாள்தோறும் இடுகின்ற இரையைத் தர்மமென்று சொல்லிக்கொள்ளலாமா? கோயில் தெப்பக்குளத்து மீன்களுக்குப் பொரி தூவுகிறவன் அவற்றினிடம் யாதொரு பிரதிபலனும் வேண்டாதவனாதலின், அவன் செயல் பூதயக்ஞத்தின்பாற்படும். பண்ணை மீனுக்கு இடும் தீவனமோ, எடைபோட்டுத் திரும்பப் பெறுவதற்காக இறைக்கும் முதல். அதனைத் தானமென்று கூற நான் துணியேன். ஆயினும் ஹிம்சையிலும் தாரதம்மியம் உண்டு; விவேகிகள் ஆராய வேண்டுவது அதனையே.

மாமிசபட்சிணிகளான மீன்களுக்கு மீன்தூளையே முதன்மை உணவாக இடுவது நெடுநாள் வழக்கம். ஒரு கிலோ தூளுக்கு நான்கு, ஐந்து கிலோ பச்சை மீன் வேண்டும். பெரும்பாலும் இத்தூளுக்காகவே பெரு நாட்டுக் கடலில் நெத்திலி இனத்துச் சிறுமீன்கள் 1970-ஆம் ஆண்டில் சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் டன் வாரப்பட்டன. அளவிறந்த அவ்வேட்டையோடு 1972-இல் எல் நினோ என்னும் கடல்வெப்பமும் சேர்ந்துகொள்ள, அம்மீன்வளம் நிலைகுலைந்து, அதனை நம்பி வாழ்ந்த கடற்பறவைகளும் பெருவாரியாக மடிந்தன.

மீன்தூளுக்கு மாற்றாகச் சோயாப் பிண்ணாக்கை அப்படியே இட்டால், அதிலுள்ள தடைப்பொருள்கள் மீனின் செரிமானத்தைக் கெடுக்கின்றன. பைட்டிக் அமிலத்தில் பிணைப்புண்ட பாஸ்பரஸ் உடலிற் சேராமல் வெளியேறி, நீரைப் பாசியேறச் செய்கிறது. அப்பிண்ணாக்கையே லாக்டிக் அமில பாக்டீரியாக்களோ ஈஸ்டோ ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையோ கொண்டு நொதிக்க வைத்தால், தடைப்பொருள்கள் குறைந்து, பாஸ்பரஸ் ஓரளவு விடுபட்டு, புரதமும் எளிதில் செரிக்கும் சிறு கூறுகளாகிறது. மெதியோனின் போன்ற அமினோ அமிலங்களின் குறை இதனால் முற்றும் நீங்கிவிடாது. எனினும் மீன்தூளின் தேவை கணிசமாகக் குறையும்.

இல்லாதது தோன்றாது, உள்ளதே வெளிப்படும் என்பது சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் ஒருங்கே உடன்படும் சற்காரியவாதம். பாலில் சூக்ஷ்மமாக இருந்த தயிரே உறையிட்டபின் ஸ்தூலமாயிற்று என்று அவர்கள் காட்டும் திருஷ்டாந்தம், நொதித்தலைப் பற்றிப் பேசும் இங்கே உவமையன்று, அதே நிகழ்ச்சி. சோயாப் பிண்ணாக்கு போன்று ஆலைகளில் எஞ்சும் சக்கைக்குள் அன்னம் முன்பே இருந்தது. முதற்காரணம் சக்கை, துணைக்காரணம் நுண்ணுயிர். நிமித்த காரணனாகிய மனிதன் வந்து சேராமையாலேயே அது கழிவெனப் பெயர் பெற்றது. குற்றம் பொருளினுடையதன்று, நம்முடையது. உண்ணத்தக்க அன்னம் நம் கைக்கெட்டிய இடத்திலேயே மறைந்து கிடக்க, அதனை வெளிப்படுத்த முயலாமல் கோடானுகோடிச் சிறுமீன்களை அரைத்துத் தூளாக்குவதற்கு அறியாமையையும் இனிச் சமாதானமாகக் கூறவியலாது.

ஆனால், தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் எவரும் கழிவென்று எண்ணிவிடலாகாது. அவை தலைமுறை தலைமுறையாகக் கறவைமாட்டின் பங்கு. மாட்டுத் தொட்டியினின்று எடுத்து மீன்குளத்தில் இடுவது, ஒரு பசியை ஆற்ற மற்றொரு பசியை உண்டாக்குவதேயாகும். பண்ணை நடத்துவோரே, வேறெந்த உயிரின் வாய்க்கும் போய்ச் சேராமல், ஆலை வாசலில் ஓரிரு நாளிற் புளித்துக் கெட்டுப்போகும் ஈரச்சக்கையிலிருந்து உங்கள் முயற்சியைத் தொடங்குங்கள்.