காசுக்காக வருவதில்லை

2024இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘அமெரிக்காஸ் ஸ்வீட்ஹார்ட்ஸ்’ தொடரை இரண்டே இரவில் பார்த்து முடித்தேன். டாலஸ் கவ்பாய்ஸ் அணிக்குச் சியர்லீடர்களைத் தேர்ந்தெடுக்கும் கதை. அமெரிக்கக் கால்பந்தின் விதிகள் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அதனால் ஒன்றும் குறையவில்லை, தொடரில் ஆட்டம் ஓரமாகத்தான் வந்துபோகிறது. மூன்றாவது பகுதிக்குள் நானும் நடுவராகிவிட்டேன். இவளுக்குக் கால் உயரவில்லை, அனுப்பிவிடலாம். பெண்ணுடலை அளக்கும் கண்களைப் பற்றி இத்தனை காலம் எழுதிவந்தவள் நான்.

தொடரில், அணி உரிமையாளரின் மகளும் நிர்வாகியுமான சார்லட் ஜோன்ஸ், இந்தப் பெண்களுக்குச் சம்பளம் அதிகமில்லை என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் அவர்கள் காசுக்காக இங்கே வருவதில்லை, அதைவிடப் பெரிய ஒன்றுக்காக வருகிறார்கள் என்கிறார். அன்றிலிருந்து இந்த வாதம் என்னை விடவில்லை.

1972இல் டாலஸில் பள்ளி மாணவர்களின் கோஷக் குழுவை நீக்கிவிட்டு, நடனம் தெரிந்த பெண்களைக் குட்டை உடையில் இறக்கியவர் டெக்ஸ் ஷ்ராம். அதற்கு முன் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வேலை பார்த்தவர். 1970இல்தான் ஏபிசி திங்கள் இரவு ஆட்டத்தைத் தொடங்கி, விளையாட்டை வரவேற்பறைக் கேளிக்கையாக்கியிருந்தது. மூன்று மணி நேர ஒளிபரப்பில் பந்து உண்மையில் நகர்வது சுமார் 11 நிமிடம்தான் என்று 2010இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் கணக்குப் போட்டுக் காட்டியது. வீட்டில் இருப்பவருக்கு மிச்ச நேரத்தில் விளம்பரம் ஓடுகிறது. மைதானத்தில் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவருக்கு அந்த இடைவெளியை யாராவது நிரப்ப வேண்டுமே.

நிரப்பியவர்களுக்கு என்ன கிடைத்தது? 2014இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணிமீது ஒரு சியர்லீடர் வழக்குப் போட்டபோது அந்தக் கணக்கு வெளியே வந்தது. ஓர் ஆட்டத்துக்கு 125 டாலர், அதுவும் பருவம் முடிந்த பிறகு. ஒத்திகைக்குக் கூலி கிடையாது. தவறான பாம்பாம் கொண்டுவந்தால் அபராதம். அதே ஆண்டு அணி 12.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. சியர்லீடர்களும் தொழிலாளர்களே என்று எழுதிவைக்க 2015இல் கலிஃபோர்னியாவில் தனியாக ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

அந்தப் பெண்களின் மகிழ்ச்சி பொய் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பெண்ணியத்தின் பழைய அகங்காரம். பகலில் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு இரவில் ஒத்திகைக்கு வருகிறவளின் முகத்தில் தெரிவதை நான் நம்புகிறேன். என் சிக்கல், அந்த மகிழ்ச்சியை யார் கூலியில் கழித்துக்கொள்கிறார்கள் என்பதில்தான். ஆட்டத்தை உயிராக நேசிக்கும் குவார்ட்டர்பேக்கிடம், நீதான் நேசிக்கிறாயே, குறைத்து வாங்கிக்கொள் என்று எவரும் கேட்டதில்லை. சமையலறையில் கேட்டுப் பழகிய வாதம் இது. பாசம் இருக்கும் இடத்தில் கூலி கேட்பது அசிங்கம்.

ஆண்களின் உடலையும் இந்தக் கேளிக்கை தின்கிறது, மறுக்கவில்லை. 2017இல் பாஸ்டன் பல்கலைக்கழகம் ஆராய்ந்த, தானமாகக் கிடைத்த 111 முன்னாள் வீரர்களின் மூளைகளில் 110இல் சிடிஇ பாதிப்பு இருந்தது. ஆனால் அவர்களுக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது, பேரம் பேச மேசை இருக்கிறது.

அவமானத்தைப் பங்கு பிரித்த விதத்தையும் பாருங்கள். 2004 சூப்பர் பவுல் இடைவேளையில் ஜேனட் ஜாக்சனின் மார்பு ஒரு கணம் தெரிந்தது. ஆடையைக் கிழித்த கை ஜஸ்டின் டிம்பர்லேக்கினுடையது. சிபிஎஸ்ஸுக்கு விதித்த 5,50,000 டாலர் அபராதத்தைப் பின்னர் நீதிமன்றம் ரத்து செய்தது. டிம்பர்லேக் 2018இல் அதே மேடைக்கு நாயகனாகத் திரும்பினார். ஜேனட்டை யாரும் திரும்ப அழைக்கவில்லை.

2025இல் தொடரின் இரண்டாம் பருவம் வந்தது. டாலஸ் பெண்கள் ஒன்றுகூடிக் கேட்டு, 400 சதவீத ஊதிய உயர்வு பெற்ற செய்தி அதில் இருந்தது. ஊர் உலகம் பார்த்துவிட்ட பிறகு நிர்வாகத்துக்கு மறுப்பது கடினமாகியிருக்கலாம். என்னைப் போன்றவர்கள் வேடிக்கை பார்த்ததும் அதில் ஓரளவு சேருமோ என்று ஒரு நிமிடம் பெருமைப்பட்டேன். அந்தப் பருவத்தையும், யார் வெளியேற வேண்டும் என்று மனதுக்குள் பட்டியல் போட்டுக்கொண்டேதான் பார்த்திருந்தேன்.