ஏரியைக் காக்கும் உரிமை எவருக்கு?

பிச்சாட்டூரில் அணையால் தேக்கப்பட்டு நிற்கும் ஆரணியாறு, மழை மிகுந்த ஆண்டுகளில் மதகுகள் திறக்கப்பட்டதும் சுருட்டப்பள்ளியைக் கடந்து, ஊத்துக்கோட்டை வழியே தமிழகத்துள் புகுந்து, பழவேற்காட்டு ஏரியிற் கலக்கிறது. 2022-இல் அவ்வூர் சித்தூர் மாவட்டத்தினின்று திருப்பதி மாவட்டத்திற்கு மாறியது. இந்நீரையும், இதில் வாழும் மீனையும் நாரையையும், கரையோரத்து மூலிகையையும் காக்கத் திட்டம் வகுக்குங்கால் முடிவு கூறும் உரிமை எவருக்கு உரியது?

சட்டம் ஒரு விடை தந்துள்ளது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், ஒவ்வோர் உள்ளாட்சியும் ஒரு மேலாண்மைக் குழுவை அமைத்தல் வேண்டும் என்றது. அதில் நியமிக்கப்படுவோருள் மூன்றில் ஒரு பங்கினரேனும் பெண்களாக இருத்தல் வேண்டும் என அதன்கீழ் வந்த 2004-ஆம் ஆண்டின் விதிகள் கூறின. ஊராரைக் கேட்டறிந்து, ஊரின் செடி, மீன், கால்நடை, நெல்வகை, மருத்துவ அறிவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுவது அக்குழுவின் கடமை. நெடுநாள் இப்பணி மந்தமாகவே நடந்தது. 2020 ஜனவரி 31-க்குள் முடிக்க வேண்டுமெனப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்தபின், நாடெங்கும் ஏடுகள் இரண்டு லட்சத்திற்கும் மேலாகப் பெருகின. அவற்றுள் எத்தனை, மீனவரின் வாய்ச்சொல்லைக் கேட்டு எழுதப்பட்டவை? கெடுவுக்கு அஞ்சி நிரப்பப்படும் ஏட்டில் ஊர் பேசுவது அரிது.

சட்டம் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே செங்கற்பட்டுச் சீமையில் ஊர் பேசியது. வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடலாகாது என்று அவ்வூரார் முறையிட, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. அவ்வூரார் கருணையால் மட்டுமா கேட்டனர்? பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் அவர்தம் வயலுக்கு எருவாயிற்று. பயன் பெறுவோரும் காப்போரும் ஒருவராகவே இருந்தமையால் அக்காவல் நிலைத்தது என்பது நம் கருத்து.

ஆயின் ஊர் என்பது ஒரே மனமுடையதன்று. ஏரியின் உள்வாயில் பயிரிடுவோன் நீர் வற்றுதலை விரும்புவான். வலை வீசுவோன் நிறைதலை விரும்புவான். ஊராட்சியின் எல்லையும் ஆற்றிற்குப் போதாது. பிச்சாட்டூரில் நீர் நின்றாலும் சென்றாலும் பழவேற்காட்டு மீனவருக்கு அது வாழ்வுப் பொருள். அவரோ அண்டை மாநிலத்தார், இக்குழுவில் இடமில்லாதவர். பேசும் உரிமையை வசிப்பிடத்தால் மட்டும் அளந்தால் அவர் விடுபடுவார். விளைவைச் சுமப்பவர் எவரோ அவரைக் கேட்டே முடிவு செய்தல் முறை.

இவ்வளவுகோலை நம்மீதும் வைத்துப் பார்ப்போம். பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்த நாம், பொங்கலுக்குச் செல்லும்போது ஏரி பழையபடியே இருத்தல் வேண்டும் என விழைகிறோம். அங்கே விறகு பொறுக்கும் பெண்ணுக்குக் காடு மூடப்பட்டால் அடுப்பு எரியாது. நமக்கோ இங்கே எரிவாயு உண்டு. அவள் வாக்கும் நம் வாக்கும் ஒரே எடை பெறுதல் நீதியாகுமா? ஆகாது என்றே எண்ணுகிறோம், சற்று வருத்தத்துடன்.

எனினும் நம்மிடம் ஒன்று உள்ளது. அயிரை, கெளுத்தி, விரால் என்று மீனைப் பெயரிட்டு அழைக்கவும், எந்த மழைக்கு எது ஏறிவரும் எனச் சொல்லவும் வல்ல முதியோர் நம் வீடுகளில் உள்ளனர். தெலுங்கில் எழுதப்படும் ஏட்டில் இத்தமிழ்ப் பெயர்களும் அருகே நிற்கலாமன்றோ? அடுத்த முறை ஊருக்குச் செல்வோர், பாட்டி சொன்னவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று ஊராட்சி அலுவலகத்திற் கொடுக்கலாம்.