ஆசிரியப் பயிற்சியும் ஓர் அறக்கடனும்

வீடு கட்டுவோன் கட்டியும், யாழ் வாசிப்போன் வாசித்துமே தத்தம் கலைகளிற் தேர்ச்சி பெறுகின்றனர் என்றும், பிழையாகச் செய்து பழகுவதனாலேயே அக்கலைகளில் தீயோர் தோன்றுகின்றனர் என்றும் அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலிற் கூறிச் சென்றார். கற்பித்தலும் செய்தே கற்கப்படுவது என்பதில் ஐயமில்லை. ஆயின் பிழையாக மீட்டப்பட்ட யாழ் நரம்புக்கு நோவில்லை. சாய்ந்த சுவரை இடித்து மீளக் கட்டலாம். ஆசிரியப் பயிலுநரின் கையில் ஒப்படைக்கப்படுவதோ நான்காந் தரத்துப் பிள்ளை. அப்பிள்ளை நான்காந் தரத்தை ஒருமுறையே கடக்கின்றது. ஒருவரின் தேர்ச்சிக்காக இன்னொருவரின் மீளாக் காலத்தைச் செலவிடுதல் அறமாகுமா என்பது எளிதில் ஒதுக்கத்தக்க வினாவன்று.

1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த கல்வியியற் கல்லூரிகளின் பாடநெறி, ஈராண்டு விடுதியிற் தங்கிக் கற்றலும் ஓராண்டு பாடசாலையிற் கட்டுறு பயில்வுமாக நீண்டகாலம் அமைந்து வந்துள்ளது. அங்கு சேர்வோரிற் பலர் உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்தும் பல்கலைக்கழக வாயிலை அடைய இயலாத கிராமத்துப் பிள்ளைகள். அவர்களது நம்பிக்கையில் அரசாங்க உத்தியோகமும் இலட்சியமும் பிரித்தறிய முடியாதவாறு கலந்தே கிடக்கின்றன. இக்கலப்பை இழிவாகப் பேசுவோர் பெரும்பாலும் உத்தியோகத்தை ஏற்கெனவே பெற்றவர்களாயிருப்பது கவனிக்கத்தக்கது.

இவர்கள் முதன்முதலாகக் கற்பித்தற் பயிற்சிக்குச் செல்லும் நாளை எண்ணிப் பார்க்கலாம். இரவு முழுதும் விழித்தெழுதிய பாடக்குறிப்பு மேசையில் இருக்கும். வர்ணத் தாளில் வெட்டி ஒட்டிய படங்கள் கரும்பலகையிற் தொங்கும். வகுப்பின் பின்வரிசையில் விரிவுரையாளர் அமர்ந்து குறிப்பெடுப்பார். பிள்ளைகள் வழமைக்கு மாறான அமைதியுடன் இருப்பர். கல்லூரிக்கு அண்மையிலுள்ள பாடசாலைப் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. ஆண்டுதோறும் ஒருவர் வருவார், சில கிழமைகளிற் போய்விடுவார் என்பதை அவர்கள் நன்கறிவர். பரீட்சிக்கப்படுபவர் யார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவ்வமைதியில் ஒருவகை இரக்கமும் உண்டு போலும்.

மனிதரை ஒருபோதும் வெறுங் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்றார் கான்ற். அக்கூற்றின் உயிர் 'மட்டும்' என்ற சொல்லிலேயே தங்கியுள்ளது. பயிலுநர் தம் புள்ளிக்காகவே கேள்வி கேட்டு, சரியான விடை கூறக்கூடிய முன்வரிசைப் பிள்ளையையே ஐந்துமுறை எழுப்புவாராயின், ஏனையோர் அங்கு வெறுங் கருவிகளே. கூறியது விளங்காத பிள்ளையிடம், பாடக்குறிப்புக் குலைந்தாலும் குலையட்டும் என்று அவர் திரும்பிச் செல்வாராயின், அக்கணமே நிலைமை வேறாகின்றது. விளையக்கூடிய தீங்கு முற்றாக நீங்கிற்றென்பதன்று. அது பொறுப்பேற்கப்பட்டது என்பதே.

இத்தகைய பயிற்சியே வேண்டாமெனின் பிள்ளைகள் காக்கப்படுவரா? மலையகத் தோட்டப் பாடசாலைகளின் பழைய வரலாறு இதற்கு விடை தரும். 1970களிலிருந்து அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்கும்வரை, பல தோட்டங்களில் ஓர் அறையிற் பல வகுப்புகளையும் ஒருவரே கற்பித்தார்; பயிற்சி பெறும் வாய்ப்பு அவர்களுட் பலருக்குக் கிட்டவில்லை. அவர்களும் பிள்ளைகளிடத்திலேயே தொழிலைக் கற்றனர். பின்வரிசையில் இருந்து திருத்துவதற்கு ஒருவர் இருக்கவில்லை என்பதே வேறுபாடு. பயிற்சியின்மை என நாம் கூறுவது மேற்பார்வையற்ற பயிற்சியையே.

எனவே கடன் தவிர்க்க முடியாதது. அதனை யாருக்குத் திருப்புவது? நன்னூலார் ஆசிரியராகாதோரை உரைக்குமிடத்து முடத்தெங்கை உவமை கூறுவார். நீரூற்றியவன் வளவிலன்றி அயலான் வளவிற் காய் வீழ்த்துவது முடத்தெங்கு. ஆனால் இன்றைய பயிற்சி முறையில் ஒவ்வோர் ஆசிரியரும் முடத்தெங்காகவே வளர்கின்றார். நீரூற்றியவை கல்லூரிக்கு அண்மையிலுள்ள பாடசாலைகள். காய் வீழ்வது வேறெங்கோ. பவணந்தியார் குற்றமெனக் கண்டது இங்கு நியதியாகிவிட்டது. குற்றம், காய் எந்த வளவில் வீழ்கின்றது என்பதிலேயே இப்போது உள்ளது. நகரத்துப் பெரிய பாடசாலையின் வளவிலா, தனியார் வகுப்புக் கொட்டகையிலா, அன்றி வன்னியிலோ மலையகத்திலோ ஆசிரியரின்றிக் கிடக்கும் வகுப்பறையிலா?

கஷ்டப் பிரதேச நியமனம் கிடைத்ததும் இடமாற்றத்திற்கு விண்ணப்பிப்போரைக் கடிந்துரைத்தல் எளிது. தங்க விடுதியின்றி, நாளுக்கு ஓரிரு பேருந்துகளே ஓடும் ஊரிற் தனித்து வாழப் பணிக்கப்படும் இளம் ஆசிரியையிடம் கடனை மட்டும் நினைவூட்டுவது நேர்மையாகாது. பொதுப்பணத்திற் பயிற்றிய அரசு அக்கடனைக் கேட்க உரிமையுடையது; அவர் தங்குவதற்கொரு கூரை அமைத்த பின்னர் கேட்பின் அவ்வுரிமை இன்னும் வலுப்பெறும். ஆயினும் அவர் திரும்பி வந்துவிட்டால், அங்குள்ள பிள்ளைக்கு நான்காந் தரம் இன்னொருமுறை வராது.

இவற்றுள் எதனையும் அறியாமல், அவரது முதற் பாடத்தைப் பொறுமையுடன் கேட்டிருந்த பிள்ளைகள் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருப்பர். வர்ணத் தாட் படங்கள் நினைவிருக்கலாம். அவருடைய பெயர் அவர்களுக்கு நினைவிராது.